கணக்குத் தீர்ந்த பின்னும்

மேலப்பாளையம், பேட்டை, பத்தமடை எனத் தாமிரபரணிக் கரையின் எவ்வூராயினும், முஸ்லிம்களிடையே ஒரு மணவாழ்வு முறியும்போது அவ்வழக்கு பெரும்பாலும் முதலில் வந்து சேருமிடம் பள்ளிவாசல் ஜமாஅத்தே. மஹர் எவ்வளவு, நகை எவ்வளவு, சீர்ப்பொருள்கள் எவை என்று இரு வீட்டார் பட்டியல்களும் ஒப்பிடப்படுகின்றன, ஏட்டில் கையெழுத்தாகிறது. பொருளுக்கு இத்துணைக் கவனம் செலுத்தும் நாம், பிரிகின்ற இருவரின் துயருக்கும் அவர்தம் பிள்ளைகளின் கலக்கத்திற்கும் என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்?

பிணக்கு முற்றுமென அஞ்சும்போது கணவன் குடும்பத்தில் ஒருவரும் மனைவி குடும்பத்தில் ஒருவரும் நடுவராக அமர வேண்டும் என்பது திருக்குர்ஆனின் வழிகாட்டல் (4:35). இணக்கத்தை நாடுவதே அவர்தம் பணி. நம் அவைகளிலோ அவ்விருவரும் பல வேளைகளில் வழக்குரைஞர்களாகவே வந்தமர்கின்றனர்.

விடுதலை பெற்ற அடிமைப் பெண்ணான பரீரா (ரலி), தமக்குக் கிடைத்த உரிமைப்படி, அடிமையாகவே இருந்த கணவர் முகீஸைப் பிரிந்தார். மதீனத் தெருக்களில் அவர் பின்னே முகீஸ் அழுதுகொண்டு நடந்தார். கண்ணீர் தாடியை நனைத்தது. அக்காட்சி கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், கணவரிடம் திரும்பலாகாதா என்று பரீராவிடம் கேட்டார்கள். இது கட்டளையா என அவர் வினவ, பரிந்துரை மட்டுமே என்றார்கள். பரீரா மறுத்தார், அதற்காக அவரை எவரும் பழிக்கவில்லை. புகாரியில் இடம்பெறும் இச்செய்தியில் நாம் கற்க வேண்டியவை இரண்டு: பிரிவினால் அழும் ஆண்மகனின் துயரும் மதிக்கத்தக்கது, பிரிய விரும்பும் பெண்ணின் முடிவும் மதிக்கத்தக்கது.

இத்தாக் காலத்தில் மனைவியை இல்லத்தினின்று வெளியேற்றலாகாது என்கிறது திருமறை (65:1). நம் வழக்கிலோ, பிணக்கு முற்றிய அன்றே பெண் பிள்ளைகளோடு தாய்வீடு சேர்வதே மிகுதி. பெற்றோரில் ஒருவரைப் பிரியும் குழந்தை, அன்றே தன் வீட்டையும், சில வேளை பள்ளியையும் தோழர்களையும் இழக்கிறது. ஆற்றின் முகத்துவாரத்திற்குத் தெற்கேயுள்ள காயல்பட்டினத்தின் மரபு இங்கு எண்ணத்தக்கது. அங்கே வீடு மகளுக்கு உரியது. மணமகனே மனைவியின் இல்லம் வருவார். மணம் முறிந்தாலும் தாயும் பிள்ளைகளும் அதே கூரையின் கீழ் வாழ இயலும். துயர் நேரினும் குழந்தையின் காலடி நிலம் நழுவுவதில்லை.

குழந்தையின் பொருட்டுத் தாயோ தந்தையோ துன்புறுத்தப்படலாகாது என்பதும் இறைவாக்கே (2:233). இதனின்று சில நடைமுறைகள் பிறக்கின்றன. தன்னால்தான் பெற்றோர் பிரிந்தனர் என்று சிறு பிள்ளைகள் எண்ணுவதுண்டு; அது உண்மையன்று என்பதை இருவரும் சொல்ல வேண்டும், ஒருமுறை அன்று, பலமுறை. வாப்பாவைப் பற்றி உம்மாவிடமும், உம்மாவைப் பற்றி வாப்பாவிடமும் செய்தி சுமக்கும் தூதராகப் பிள்ளையை ஆக்கலாகாது. வளைகுடாவில் பணிபுரியும் தந்தையாயின், குறித்த நாளில் குறித்த நேரத்தில் தொலைபேசியில் பேசுதல் வேண்டும். உறக்கமின்மை, படிப்பில் பின்னடைவு, ஓயாத மௌனம் ஆகியவை நீடித்தால் மனநல மருத்துவரை நாடத் தயங்கலாகாது. இடருற்ற குழந்தைகளுக்கென 1098 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி உதவியும் உண்டு.

ஒரே அமர்வில் சொல்லப்படும் முத்தலாக் செல்லாது என உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. குடும்ப நீதிமன்றங்களில் ஆலோசகர்கள் பணியாற்ற 1984ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்துள்ளது. எனினும் நீதிமன்றப் படியேறுமுன் மக்கள் நாடுவது ஜமாஅத்தைத்தான். ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஆலோசனைப் பயிற்சி பெற்ற ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அமர்த்தப்படல் வேண்டும். வழக்கு வந்த நாளில் அவர்கள் இருவரையும் தனித்தனியே செவிமடுக்கட்டும். ஏட்டில் கையெழுத்தான பின்னும் ஓராண்டு காலம் அவ்விரு வீடுகளுக்கும் சென்று வரட்டும். நகைக்கணக்குப் பார்க்க ஒரு முழுநாள் அமரும் பெரியோர்க்கு இது இயலாத செயலன்று.