கலத்தினுள் ஒரு பீப்பாய்

உயர்தர வகுப்பில் நொதியங்களைப் பற்றிப் படித்தபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இரைப்பையிலுள்ள பெப்சின் நாம் உண்ணும் இறைச்சியின் புரதத்தையே துண்டாக்கிவிடுகிறது. இதைப் போன்று புரதத்தை வெட்டும் நொதியங்கள் கலத்துக்குள்ளும் உண்டு. அப்படியானால் கலம் ஏன் தன்னைத்தானே தின்றுவிடுவதில்லை?

இலைசோசோம் என்னும் பைக்குள் சில நொதியங்கள் அடைபட்டிருப்பதை நாம் அறிவோம். ஆனால் குழியவுருவிலும் கருவிலும் எந்தப் பையும் இல்லாமலே இயங்கும் ஒன்று உண்டு. அதன் பெயர் புரோட்டியசோம். பழுதடைந்த புரதங்களையும், வேலை முடிந்த புரதங்களையும் அகற்றுவது அதன் பணி.

என் கேள்விக்கான விடை அதன் அமைப்பிலேயே இருந்தது. வீட்டில் உம்மா கூரிய கத்தியைச் சிறுபிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பார். கலமும் அதையே செய்கிறது.

புரோட்டியசோமின் நடுப்பகுதி ஒரு பீப்பாய் போன்றது. ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு வளையங்கள், ஒவ்வொன்றிலும் 7 புரதங்கள், மொத்தம் 28. உயரம் சுமார் 15 நனோமீற்றர்தான். நடுவிலுள்ள இரு வளையங்களிலும் மும்மூன்றாக 6 வெட்டும் இடங்கள் உள்ளன. அவை அனைத்தும் உட்புறம் நோக்கியே இருக்கின்றன. மேலும் கீழுமுள்ள வளையங்கள் வாசல்களாகி மூடிக்கொள்கின்றன. ஆகவே, வெளியே உலவும் நல்ல புரதங்களைக் கத்தி தொடுவதில்லை.

அப்படியானால் அழிக்க வேண்டிய புரதம் உள்ளே போவது எப்படி? அதன்மீது யுபிகுயிற்றின் என்ற சிறு புரதம் அடையாளமாக ஒட்டப்படுகிறது. இது 76 அமினோ அமிலங்களால் ஆனது. இவ்வடையாளங்கள் சங்கிலியாகச் சேர்ந்ததும், பீப்பாயின் முனையிலுள்ள மூடி அதனை இனங்காண்கிறது. சிக்கல் விழுந்த நூல் ஊசிக்காதில் நுழையாதல்லவா? எனவே மூடியிலுள்ள 6 புரதங்களின் வளையம் ஏரிபியின் சக்தியைச் செலவிட்டு, மடிந்திருக்கும் புரதத்தைப் பிரித்து உள்ளே இழுக்கிறது. அடையாளம் கழற்றப்பட்டு மீண்டும் பயன்படுகிறது. வெட்டுண்ட துண்டுகள் பின்னர் அமினோ அமிலங்களாகிப் புதிய புரதங்களுக்கு உதவுகின்றன.

இந்த அடையாள முறையைக் கண்டறிந்தமைக்காக ஆரோன் சீக்கனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, ஏர்வின் ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அறிவு நோயாளரின் கட்டில்வரை சென்றிருக்கிறது. பல்கிய மைலோமா என்னும் புற்றுநோயில், நோயுற்ற கலங்கள் அளவுக்கு மீறிப் புரதம் உற்பத்தி செய்கின்றன. அதனால் அவை புரோட்டியசோமையே பெரிதும் நம்பியிருக்கின்றன. 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்டெசோமிப் என்னும் மருந்து, பீப்பாயினுள் இருக்கும் வெட்டும் இடத்தில் பற்றிக்கொண்டு அதனை முடக்குகிறது. கழிவு குவிந்து அக்கலங்கள் மடிகின்றன. நல்ல கலங்களிலும் இதே பீப்பாய் இருப்பதால், மருந்தின் அளவில் வைத்தியர்கள் மிகுந்த கவனம் எடுக்கிறார்கள். நரம்புகள் பாதிக்கப்பட்டுக் கால்கள் விறைப்பதும் உண்டு.

பரீட்சைக்காக நொதியங்களின் பெயர்களை மனனம் செய்யும் தோழியரே, அவற்றின் உருவத்தையும் ஒருமுறை வரைந்து பாருங்கள். அவை எப்படி வேலை செய்கின்றன என்பது அந்தப் படத்திலேயே புரியத் தொடங்கும்.