கஞ்சித் தொட்டியும் அசையூண் வயிறும்

வைக்கோலைச் செரிக்கும் திறன் கறவை மாட்டுக்குக் கிடையாது. வைக்கோலில் உள்ள செல்லுலோஸை உடைக்கும் நொதி அதன் உடலில் சுரப்பதே இல்லை. அந்த வேலையைச் செய்பவை, அசையூண் வயிற்றில் காற்றில்லாத வெதுவெதுப்பில் வாழும் பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சைகள். தீவனத்தை நொதிக்கவைத்து அவை கழித்துவிடும் அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களிலிருந்துதான் மாட்டுக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ 70 விழுக்காடு கிடைக்கிறது. அசிட்டிக் அமிலம் மடியில் பால்கொழுப்பாகிறது. புரோப்பியோனிக் அமிலம் கல்லீரலில் குளுக்கோஸாகி, பிறகு பாலின் சர்க்கரையாகிறது. எனவே, தொட்டியில் கொட்டும் தீவனத்தை மாட்டின் கணக்கில் எழுதுவதே பிசகு. அது முதலில் நுண்ணுயிர்களுக்குத்தான் போகிறது.

இதை மிகை என்பவர்களுக்கு, பின்லாந்து வேதியியலாளர் அர்த்துரி விர்த்தானன் 1966-ல் வெளியிட்ட சோதனை பதில் சொல்லும். பசுந்தீவனத்தைக் கெடாமல் காக்கும் முறைக்காக 1945-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். புரதமே இல்லாத தீவனத்தைப் பசுக்களுக்குக் கொடுத்தார்: சுத்திகரித்த செல்லுலோஸ், மாவுச்சத்து, சர்க்கரை, நைட்ரஜனுக்கு யூரியாவும் அம்மோனியம் உப்புகளும். மெல்லமெல்லப் பழக்கிய அந்தப் பசுக்கள் பால் கறந்தன. அம்மோனியாவிலிருந்து நுண்ணுயிர்கள் தம் உடலைக் கட்டிக்கொண்டன. அவை குடலுக்கு அடித்துச் செல்லப்பட்டதும் மாடு அவற்றையே செரித்துப் புரதம் பெற்றது. (யூரியா அளவு மீறினால் விஷம், கைப்போக்கில் கலக்கும் பொருளல்ல.)

நம் ஊரில் இந்தக் கணக்கு தவறுவது பெரும்பாலும் பாசத்தால். மாட்டுப் பொங்கலன்று அண்டா நிறையப் பொங்கல், கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு, விலையில்லாமல் கிடைக்கும் ரேஷன் அரிசிக் கஞ்சி. வெந்த மாவுச்சத்து மின்னல் வேகத்தில் நொதிக்கும். லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகி, 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்க வேண்டிய பிஎச் அளவைக் கீழே இழுக்கும். 6-க்குக் கீழே போனாலே நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் தளர்ந்துவிடும். 5-க்குக் கீழே உயிருக்கே ஆபத்து. சாதாரணமாக மாடு அசைபோடும்போது ஊறும் உமிழ்நீரே, நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல், இந்த அமிலத்தை ஆற்றும். ஆனால் கஞ்சியை அசைபோட முடியாதே! சாகாத மாட்டிலும் நட்டம் உண்டு: பாலில் கொழுப்பு இறங்கும், கொழுப்பையும் இதரச் சத்தையும் பார்த்து விலை போடும் பால் சங்கத்தில் அது ரூபாயாகவே குறையும்.

“எங்கள் தாத்தா காலத்திலிருந்தே கஞ்சி வைக்கிறோம்” என்பார்கள். உண்மைதான். நாள் தவறாமல் சிறிதளவு வைத்தால் நுண்ணுயிர்கள் அதற்குப் பழகிக்கொள்ளும். இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். ஒரே நாளில் குண்டான் குண்டானாக வைப்பதுதான் ஆபத்து. இன்னும் வலுவான மறுப்பு: நாளுக்கு 20 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசுவுக்கு வைக்கோலும் நுண்ணுயிரும் போதாது. மறுப்பதற்கில்லை, அடர்தீவனம் வேண்டும், அசையூண் வயிற்றில் சிதையாமல் குடலைச் சேரும் புரதமும் வேண்டும். ஆனால் அந்த அடர்தீவனத்தையும் ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்து, நார்த்தீவனம் தின்ற வயிற்றில் கொடுத்தால்தான் பலன்.

நல்ல நுண்ணுயிரைப் பொட்டலத்தில் வாங்கிக் கலந்துவிட்டால் போதாதா? உயிருள்ள ஈஸ்ட்டால் ஓரளவு பயன் உண்டு; அதற்கு மேல் எனக்கு நம்பிக்கையில்லை. 2010-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பசுக்களின் அசையூண் வயிற்றில் இருந்ததில் 95 விழுக்காட்டுக்கும் மேல் எடுத்து ஒன்றுக்கொன்று மாற்றி வைத்தார்கள். ஒரே நாளில் அமில அளவு பழைய நிலைக்கு வந்தது. பாக்டீரியாக் கூட்டமும் அடுத்தடுத்த வாரங்களில் அந்தந்தப் பசுவின் பழைய அமைப்பை நோக்கியே திரும்பியது. வயிற்றையே மாற்றி வைத்தும் நிலைக்காதது, ஒரு கரண்டிப் பொடியில் நிலைக்குமா?