சாணம் கருத்தால் சிறுநீரகத்தைக் குறை கூறலாமா?

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் கன்று ஈன்ற சில வாரங்களில் கறவைப் பசு தீனி எடுக்காமல், சாணம் தார் போலக் கருத்து விழுந்தால், நான்காம் இரைப்பையில் புண் கண்டு இரத்தம் கசிவதாகச் சந்தேகிக்க வேண்டும்.

பரிசோதனையில் இரத்த யூரியா கூடியிருந்தால், சிறுநீரகம் கெட்டதென்று பசுவை விற்றுவிடுவது அவசர முடிவு. கசிந்த இரத்தமும் புரதமே. அது குடலில் செரித்து, அதிலிருந்து வரும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. உடலில் இரத்தம் குறைவதால் சிறுநீரகத்துக்கு வரும் ஓட்டமும் குறைந்து யூரியா தேங்குகிறது. வீராணத்தில் நீர் குறைந்து கடைமடை காய்ந்தால் மதகு பழுது என்று யாரும் சொல்வதில்லை.

மாட்டில் யூரியாவின் ஒரு பகுதி முதல் இரைப்பைக்குத் திரும்பி நுண்ணுயிர்களுக்கு உணவாவதால், மனிதரில் போல இந்த ஏற்றம் பளிச்சென்று தெரியாது. கிரியேட்டினின் அதிகம் ஏறாமல், சிறுநீர் அடர்த்தியாக இருந்தால் சிறுநீரகம் பெரும்பாலும் நலமே.

வலி மருந்தைக் கடையில் வாங்கித் தாமே கொடுப்பது ஆபத்து. அது புண்ணையும் கிளறும், சிறுநீரகத்தையும் தாக்கும். (டைக்ளோபினாக் கால்நடைகளுக்கு 2006-லேயே தடைசெய்யப்பட்டது, அது பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது.)

கீழிமை வெளுத்து, காது குளிர்ந்திருந்தால் தாமதமின்றி 1962-க்குத் தொலைபேசி செய்து மருத்துவரை வரவழைக்கவும். நலமான வேறொரு மாட்டின் இரத்தத்தை ஏற்றியும் காப்பாற்றலாம்.