கணையாழியும் கடவுச்சொல்லும்

அசோகவனத்தில் சிறையிருந்த சீதாபிராட்டியின் முன் அனுமன் வந்து நின்று, தான் இராமபிரானின் தூதன் என்றான். பிராட்டி அவனை எளிதில் நம்பிவிடவில்லை. துறவியின் வேடத்தில் வந்தவனை நம்பியதால் நேர்ந்த துன்பத்தை அவள் மறக்கவில்லை. அனுமன் இராமனுடைய திருமேனி அடையாளங்களை எடுத்துரைத்தான். அவன் கொடுத்தனுப்பிய கணையாழியையும் அளித்தான். அதன் பின்னரே அவளுடைய ஐயம் முற்றும் நீங்கியது. அவன் விடைபெறும்போது தன் சூடாமணியை அவனிடம் தந்து, இராமனிடம் சேர்ப்பிக்கச் செய்தாள். செய்தியைக் கேட்பது மட்டும் போதாது. அதைக் கொணர்ந்தவர் உரியவர்தாமா என்று தெளிதலும் வேண்டும் என்பதைக் கம்பராமாயணத்தின் இப்பகுதி நமக்கு உணர்த்துகின்றது.

இக்காலத்தில் மின்னஞ்சல் கணக்குத் தொடங்குவோரிடமும் இத்தகைய சான்றே கேட்கப்படுகின்றது. 1971 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் என்பார், வலைப்பின்னல் வழியே ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்கு மடல் அனுப்பிக் காட்டினார். பெறுவோரின் பெயரையும் அவருடைய கணிப்பொறியின் பெயரையும் பிரித்துக் காட்ட, 'ஏ' என்னும் ஆங்கில எழுத்தை வட்டமாகச் சூழ்ந்தாற் போன்ற குறியை அவர் கையாண்டார். அக்குறியே இன்றும் மின்னஞ்சல் முகவரியின் நடுவே நிற்கின்றது. முகவரி நம் வீட்டைக் காட்டுவது; கடவுச்சொல் அவ்வீட்டின் திறவுகோல்; சரிபார்ப்பு எண்ணோ திறவுகோலை வைத்திருப்பவர் வீட்டுக்கு உரியவரே என்று காட்டும் கணையாழி. இம்மூன்றையும் வேறு பிரித்து அறிந்தவர்க்குக் கலக்கம் இல்லை. அறியாதார்க்கு, அவர் கற்றவரேயாயினும், வாயிலில் நின்று தடுமாறும் நிலையே வாய்க்கும்.

நீலகிரி மாவட்டத்தில் வாழும் முதியோரை எண்ணிப் பாருங்கள். உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் தேயிலை பறித்தும் தொழிற்சாலையில் உழைத்தும் ஓய்ந்தவர் பலர். 1964 ஆம் ஆண்டில் ஏற்பட்ட சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தினரும் அவர்களுள் உளர். அக்கரையில் தங்கிவிட்ட உடன்பிறந்தாரின் கடிதத்துக்காகத் தபால்காரரின் வரவை நோக்கியிருந்த காலம் அவர்களுக்கு நினைவிருக்கும். இன்று அக்கடிதம் நொடிப் பொழுதில் கைப்பேசியிலேயே வந்து சேர்கின்றது.

உறவினரின் நலம் மட்டுமன்றி, உண்ணும் உணவும் இதனோடு தொடர்புடையதாகிவிட்டது. ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிருடன் இருப்பதை ஆண்டுதோறும் மெய்ப்பித்தல் வேண்டும். இதற்கென நடுவண் அரசு 2014 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10 ஆம் நாள் 'ஜீவன் பிரமாண்' என்னும் மின்னணு வாழ்வுச் சான்றிதழ் முறையைத் தொடங்கியது. 2021 நவம்பரில், கைப்பேசியில் முகத்தைக் காட்டியே சான்று பெறும் வழியும் ஏற்பட்டது. அதற்குரிய செயலியில் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கேட்கப்படுகின்றன. மலைச்சரிவிலிருந்து இறங்கி வந்து, நகரத்து வங்கியில் வரிசையில் நிற்கும் தொல்லை இதனால் குறைகின்றது. ஆனால், சரிபார்ப்பு எண் உரிய காலத்தில் கைக்கு எட்டாவிடில் இவ்வசதி முழுவதும் வீணாகும். ஆதலின், தடைகள் எங்கே தோன்றுகின்றன, அவற்றை நீக்குவது எவ்வாறு என்பவற்றை முறையாகக் காண்போம்.

முதலாவது தடை எழுத்துப் பிழை. முகவரியில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி விழுவதும், சொற்களுக்கிடையே இடைவெளி புகுவதும் முதியோர்க்கு இயல்பு. கண் மங்கியிருக்கும், விசைகளோ மிகச் சிறியவை. மனிதராகிய தபால்காரர் பிழையான முகவரியைக் கண்டாலும் ஊகித்து உரியவரிடம் சேர்ப்பார். பொறிக்கு அத்தகைய ஊகம் இல்லை. கடவுச்சொல்லில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகவே கொள்ளப்படும் என்பதையும் மறத்தலாகாது. கணக்குத் தொடங்கும்போது கொடுத்த பிறந்த நாளையே பின்னர்க் கேட்கும்போதும் கூறல் வேண்டும். ஓர் ஆவணத்தில் ஒரு நாளும் மற்றோர் ஆவணத்தில் வேறொரு நாளும் கொண்ட முதியோர் இதனை ஏட்டில் குறித்து வைத்தல் நலம்.

இரண்டாவது தடை மலைநாட்டுக்கே சிறப்பாக உரியது. உதகை ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. தொட்டபெட்டாச் சிகரத்தின் உயரமோ 2637 மீட்டர். இத்தகைய மேடுகளுக்கிடையே ஆழ்ந்த பள்ளத்தாக்குகள் உள்ளன. கைப்பேசிக் கோபுரத்திலிருந்து வரும் அலைகளை மலைமுகடுகள் மறைத்துவிடுகின்றன. அதனால் சரிவில் உள்ள தோட்டத்து லைன் வீடுகளில் குறுஞ்செய்தி காலந்தாழ்ந்து வருவதுண்டு. சரிபார்ப்பு எண்ணுக்கோ சில நிமிடங்களே ஆயுள். எண் வரவில்லையே என்று முதியவர் மீண்டும் கேட்கின்றார். பொறி இரண்டாவது எண்ணை அனுப்புகின்றது. அந்நேரத்தில் முதல் எண் வந்து சேர்கின்றது. அவர் மகிழ்ச்சியோடு அதனை இடுகின்றார். பொறி ஏற்க மறுக்கின்றது. புதிய எண் பிறந்தவுடன் பழைய எண் செல்லாதாகிவிடும் என்பதை அவர் அறியார். பலமுறை இவ்வாறு நிகழ்ந்தால், திருடன் கதவைத் தட்டுகின்றான் என்று கருதிப் பொறி சிறிது காலம் வாயிலை அடைத்தும் விடும்.

இதற்கு மருந்து பொறுமையே. எண்ணை ஒரு முறை கேட்டுச் சற்றுக் காத்திருத்தல் வேண்டும். வராவிடில், அலை தெளிவாகக் கிட்டும் மேட்டுப் பகுதிக்குச் சென்று புதிதாகக் கேட்டு, கடைசியாக வந்த எண்ணை மட்டும் இடுதல் வேண்டும். எண் மின்னஞ்சலுக்கு வருவதாயின், வேண்டாத மடல்கள் ஒதுக்கப்படும் பகுதியிலும் தேடிப் பார்த்தல் நன்று.

அலையே எட்டாத இடத்தில் வாழ்வோர்க்கும் வழி உண்டு. கூகுள் நிறுவனம், இரண்டடுக்குச் சரிபார்ப்பை மேற்கொண்டவர்க்கு எட்டு இலக்கங்கள் கொண்ட பத்து மாற்று எண்களை முன்கூட்டியே வழங்குகின்றது. ஒவ்வோர் எண்ணும் ஒரு முறையே செல்லும். அவற்றைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். சரிபார்ப்புச் செயலி என்பது மற்றொரு வழி. தொடக்கத்தில் கைப்பேசிக்கும் மின்னஞ்சல் நிறுவனத்தின் கணிப்பொறிக்கும் பொதுவாக ஒரு மறைகுறி அமைக்கப்படும். பின்னர் இரண்டும் அம்மறைகுறியையும் அப்போதைய நேரத்தையும் கொண்டு, தனித்தனியே ஒரே எண்ணைக் கணக்கிட்டுக்கொள்ளும். பெரும்பாலும் 30 நொடிக்கு ஒரு முறை அந்த எண் மாறும். கைப்பேசியில் எண்ணைக் கணித்தற்கு அலை வேண்டுவதில்லை. ஆனால் அதன் கடிகாரம் சரியாக ஓடுதல் வேண்டும்.

மூன்றாவது தடை எல்லாவற்றினும் கொடிது. அது பொறியால் வருவதன்று, அன்பால் வருவது. பாட்டனார்க்கு மின்னஞ்சல் வேண்டும் என்றவுடன், விடுமுறைக்கு வந்த பேரன் அவர் கையிலிருந்து கைப்பேசியை வாங்குகின்றான். இரண்டு நிமிடங்களில் கணக்கைத் தொடங்கி, அவசரத்தில் தன் எண்ணையே சரிபார்ப்புக்கு உரியதாகக் கொடுத்துவிடுகின்றான். கடவுச்சொல்லும் அவன் நினைவில்தான் இருக்கின்றது. விடுமுறை முடிந்து அவன் கோவைக்கோ சென்னைக்கோ சென்றுவிடுகின்றான். பாட்டனார் புதிய கைப்பேசி வாங்கும்போது, பொறி கணையாழியைக் கேட்கின்றது. அதுவோ தொலைவில் உள்ள பேரனிடம் இருக்கின்றது. அவன் தன் எண்ணை மாற்றிவிட்டாலோ நிலைமை இன்னும் கெடும். நம் நாட்டில், கைவிடப்பட்ட கைப்பேசி எண் குறைந்தது 90 நாள்கள் கழித்து வேறொருவர்க்கு வழங்கப்படலாம். முன்பின் அறியாத ஒருவர் கைக்குப் பாட்டனாரின் கணையாழி போய்ச் சேருகின்றது. மேலும், இரண்டு ஆண்டுகள் எவ்வகையிலும் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் முறையைக் கூகுள் நிறுவனம் 2023 டிசம்பரில் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. உள்ளே செல்ல முடியாமல் காலம் கழியின், கணக்கும் அதிலுள்ள நிழற்படங்களும் மடல்களும் அழிந்துபோகக் கூடும்.

இனி, எச்சரிக்கையாகக் கொள்ளத் தக்கது ஒன்று உண்டு. வங்கியிலிருந்து பேசுவதாகவும், ஓய்வூதியம் நின்றுவிடும் என்றும் கூறிச் சரிபார்ப்பு எண்ணைக் கேட்கும் வஞ்சகர் பலர். இவர்கள் துறவி வேடம் பூண்டு வந்தவனின் வழியினர். சரிபார்ப்பு எண் திரையில் இடுதற்கு உரியதேயன்றித் தொலைபேசியில் எவர்க்கும் சொல்லுதற்கு உரியதன்று. வஞ்சகர் வலையில் வீழ்ந்து பொருள் இழந்தவர், காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் அரசு உதவி எண்ணில் முறையிடல் வேண்டும்.

மாணவர்களே! உங்கள் வீட்டு முதியோர்க்கு இவ்வுதவியைச் செய்ய வேண்டியவர் நீங்களே. அவ்வுதவியை எவ்வாறு செய்வது? கைப்பேசியை அவர் கையிலிருந்து பறியாதீர்கள். அவர் அருகில் அமர்ந்து, அவருடைய விரலாலேயே ஒவ்வொரு விசையையும் அழுத்தச் செய்யுங்கள். எழுத்தின் அளவைத் திரையில் பெரிதாக்கிக் கொடுங்கள். அவருடைய எண்ணையே சரிபார்ப்புக்குக் கொடுங்கள். உங்கள் எண் வேண்டுமாயின் அஃது இரண்டாவது துணையாக நிற்கட்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களை அவரே தேர்ந்து கோத்தால், நினைவில் நிற்கும் நீண்ட கடவுச்சொல் அமையும். அதனை ஒரு குறிப்பேட்டில் அவர் கையாலேயே எழுதி, பிறர் காணாத இடத்தில் வைக்கட்டும். இறுதியாக, கணக்கிலிருந்து வெளியேறி, உங்கள் துணையின்றி அவரே மீண்டும் உள்ளே செல்லுமாறு கூறுங்கள். அவர் தடுமாறினால் நகையாமல் மறுபடியும் காட்டுங்கள். அவர் தாமாகவே உள்ளே சென்றுவிட்டார் எனின், அன்றுதான் கணக்குத் தொடங்கியதாகக் கொள்ளுங்கள்.

நீங்கள் நடை பழகிய காலத்தில், விரலைப் பிடித்து நடத்தியவர்கள் இம்முதியோர். அவர்கள் உங்களைத் தூக்கிக்கொண்டே திரிந்திருந்தால் நீங்கள் நடக்கக் கற்றிருக்க மாட்டீர்கள். அவர்கள் அன்று உங்களுக்குக் காட்டிய பொறுமையை இன்று நீங்கள் அவர்களுக்குக் காட்டுதல் வேண்டும். அனுமன் கணையாழியைத் தானே வைத்துக்கொள்ளவில்லை. அதற்கு உரியவள் கையில் சேர்த்தான். அவனுடைய தூது நிறைவுற்றது அதனால் அன்றோ!