நீரிறைக்கும் எஞ்சின் கிளம்பாவிடில்

காவிரிப் பாசனப் பிரதேசத்தில், குறுவை பூத்துக் கதிர் விடும் தருணத்தில் நீர் தவறினால் மணி பிடியாது பதர் மிகும். மேட்டூர் அணையில் தண்ணீர் திறப்பது தாமதமாகும் வருஷங்களில், குழாய்க் கிணற்றில் நீரிறைக்கும் டீசல் எஞ்சின் பல வயல்களைக் காக்கிறது. அச்சமயத்தில் அது கிளம்பாவிடில், ஆட்கள் களைக்கும் வரை கைப்பிடியைச் சுற்றுவதும், கண்ட திருகுகளையெல்லாம் கழற்றுவதும் வழக்கமாயிருக்கிறது. இதனால் பொழுதும் பொருளும் வீணாவதேயன்றி வேறு பலனில்லை.

டீசல் எஞ்சினில் பொறி உண்டாக்கும் பிளக் கிடையாது. ஜெர்மானியரான ருடால்ப் டீசல் 1897-ஆம் வருஷத்தில் ஓட்டிக் காட்டிய தத்துவப்படி, சிலிண்டருக்குள் நெருக்கப்பட்ட காற்று மிகவும் சூடேற, அச்சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. ஆகவே எண்ணெய், காற்று, அழுத்தம் ஆகிய மூன்றிலேயே குறையைத் தேட வேண்டும்.

முதலில் புகைப்போக்கியைக் கவனிக்க. வேகமாகச் சுற்றியும் புகையே வராவிடில், எண்ணெய் சிலிண்டரைச் சேரவில்லை. வெண்புகை வந்தும் கிளம்பாவிடில், எண்ணெய் சேர்கிறது. எரியப் போதிய சூடில்லை.

எண்ணெய் சேராவிடில், தொட்டியில் டீசல் உளதா, அதன் குழாய் திறந்துளதா, எஞ்சினை நிறுத்தும் லீவர் ஓடும் நிலையில் உளதா என்று பார்க்க. வடிகட்டி அடைபட்டிருப்பின் மாற்றுக. தொட்டி ஒருமுறை வற்றியிருந்தால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கும். வடிகட்டியின் மேலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, குமிழியின்றி டீசல் வழிந்தபின் இறுக்குக. பின்னர் நாசிலுக்குச் செல்லும் குழாயின் நட்டைச் சிறிது தளர்த்தி, டீசல் வரும் வரை மெதுவாகச் சுற்றி, மீண்டும் இறுக்குக. நாசில் தூவும் டீசலுக்கு எதிரே கையை நீட்டலாகாது. அது தோலைத் துளைத்து உட்புகும்.

எண்ணெய் சேர்ந்தும் கிளம்பாவிடில், தூசி அடைந்த காற்று வடிகட்டியைச் சுத்தி செய்க. பின், எண்ணெயை நிறுத்திவிட்டு, வால்வைத் தூக்கும் லீவரை இறக்கி வைத்துக் கைப்பிடியை மெல்லச் சுற்றினால், ஓரிடத்தில் வில்லைப்போல் எதிர்த்துத் தள்ள வேண்டும். தடையின்றிச் சுழலின், வால்வு சரியாக அமரவில்லை, அல்லது பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன, அல்லது தலைப் பகுதியின் காஸ்கட் கசிகிறது. இது மெக்கானிக்கின் வேலை. குடியானவர் பிரித்துப் பார்த்தல் நன்றன்று.

சுற்றுபவர் துண்டையும் தொங்கும் வேஷ்டியையும் களைந்தோ இறுக்கியோ கொள்வது அவசியம். கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துப் பிடித்தால், எஞ்சின் பின்னுதைத்தாலும் விரல் முறியாது. கிணற்றுக் குழிக்குள் எஞ்சினை ஓட்டுதல் கூடாது. அதன் புகை உள்ளே தங்கி உயிரைப் பறிக்கும்.

இவற்றிற்கு வேண்டுவன ஓரிரு ஸ்பானர்களும், சுத்தமான துணியும், ஓர் உதிரி வடிகட்டியுமே. நாற்று விடும் முன்பே எஞ்சினை ஒரு நாள் ஓட்டிப் பார்த்தவருக்கு, கதிர் விடும் நாளில் மெக்கானிக்கைத் தேடி அலையும் தொல்லை பெரும்பாலும் நேராது. கிராம அதிகாரிகள் இதனைப் பருவத்திற்கு முன்னரே ஊராருக்கு நினைவூட்டுவது பெரிதும் பயன் தரும்.