ஹிஸ்டரி படிக்கிறாள்... டாக்டராகப் போகிறாளாம்!

போன ஏப்ரலில் நியூஜெர்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். போய் இறங்கிய மூன்றாம் நாளே, வீட்டில் ஒரு பனிப்போர் நடப்பது புரிந்துவிட்டது. அக்கா மகள் காலேஜில் இரண்டாம் வருடம். டாக்டராக வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே அவள் ஆசை. அதில் யாருக்கும் சண்டையில்லை. ஆனால், மேஜர் என்று அவள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது வரலாறு.

“பயாலஜியில் சேர்த்துவிட்டோம்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. இவ என்னடான்னா உள்நாட்டுப் போரைப் பத்திக் கட்டுரை எழுதிட்டிருக்கா. நீயாவது கேளேன்” என்றார் அத்தான்.

கேட்டேன். “சித்தி, இங்கே டாக்டருக்குப் படிக்க பயாலஜி மேஜர் வேண்டாம். அப்பாகிட்ட பத்து தடவை சொல்லிட்டேன்” என்றாள். நான் நம்பவில்லை. ஊர் திரும்புவதற்குள் படித்தும் விசாரித்தும் பார்த்ததில், அவள் சொன்னது சரி. ஆனால், அவள் சொல்லாமல் விட்டதும் கொஞ்சம் இருந்தது.

நம் ஊரில் பிளஸ் டூ முடித்த கையோடு நீட், பிறகு ஐந்தரை வருடம் எம்.பி.பி.எஸ். 17 வயதில் முடிவெடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் முதலில் நான்கு வருட டிகிரி. அதன் பிறகுதான் நான்கு வருட மருத்துவப் படிப்பு. (அங்கே அதற்கே எம்.டி. என்று பெயர். நம் ஊர் எம்.டி.யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ‘ப்ரீ-மெட்’ என்பது ஒரு டிகிரியின் பெயரே அல்ல. மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் பாடங்களைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம், அவ்வளவுதான். பெரும்பாலான கல்லூரிகள் கேட்பவை இவை: உயிரியல், பொது வேதியியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல், இவற்றுக்கான லேப், கொஞ்சம் பயோகெமிஸ்ட்ரி. சில இடங்களில் கணக்கோ புள்ளியியலோ, ஆங்கிலமோ கேட்பார்கள். இவற்றை முடித்துவிட்டால் மேஜர் சங்கீதமாக இருக்கலாம், தத்துவமாக இருக்கலாம், சம்ஸ்கிருதமாகக்கூட இருக்கலாம்.

இப்படி அறிவியல் பாடங்களைக் கட்டாயமாக்கியதில் பெரும் பங்கு 1910-ல் வெளிவந்த ஓர் அறிக்கைக்கு உண்டு. எழுதியவர் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர். அவர் டாக்டர் இல்லை. காலேஜில் படித்தது கிரேக்க, லத்தீன் இலக்கியம். இதை அத்தானிடம் சொன்னபோது சிரிக்கக்கூட இல்லை.

அத்தானின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் எம்.டி. படிப்புக்கு 50,000 பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். சேர்வது ஏறத்தாழ 23,000 பேர். பாதிக்கு மேல் வெளியே நிற்கிறார்கள். “இந்தப் போட்டியில ஹிஸ்டரியைத் தூக்கிக்கிட்டுப் போனா யார் மதிப்பா?” என்பது அவர் கேள்வி.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் ஒவ்வொரு வருடமும் மேஜர் வாரியாகக் கணக்கு வெளியிடுகிறது. விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கு மேல் உயிரியல்காரர்கள்தான். இலக்கியம், வரலாறு, தத்துவம் படித்தவர்கள் சொற்பம். ஆனால், இடம் கிடைக்கும் விகிதத்தில் அவர்கள் பின்தங்கவில்லை. பல வருடங்களில் கொஞ்சம் முன்னாலேயே இருக்கிறார்கள். அதற்காக ‘வரலாறு படித்தால் சீட் உறுதி’ என்று கிளம்பிவிடக் கூடாது. தன்னால் இரண்டையும் இழுக்க முடியும் என்று தெரிந்தவர்கள்தான் அந்தப் பாதையில் கடைசி வரை நிற்கிறார்கள். முடியாதவர்கள் நடுவிலேயே ப்ரீ-மெட்டை விட்டுவிடுவதால் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரி 1987-லிருந்து ஒரு சோதனை செய்து பார்த்தது. கலை, இலக்கியம் படிக்கும் மாணவர்களை காலேஜ் இரண்டாம் வருடத்திலேயே தேர்ந்தெடுத்து, எம்கேட் நுழைவுத் தேர்வே இல்லாமல் இடம் கொடுத்தார்கள். அவர்களையும் வழக்கமான பாதையில் வந்தவர்களையும் ஒப்பிட்டு 2010-ல் ஓர் ஆய்வு வெளியானது. மருத்துவ உரிமத்துக்கான முதல் கட்டத் தேர்வில் இவர்களுக்கு மதிப்பெண் சற்றுக் குறைவு. வார்டுக்குள் போய் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சியில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

சரி, அக்கா மகள் சொல்லாமல் விட்டது என்ன? நேரம்.

பயாலஜி மேஜர் எடுத்தவருக்கு, மருத்துவக் கல்லூரி கேட்கும் பாடங்களில் பெரும்பகுதி டிகிரிக்கும் கணக்காகிவிடும். வரலாறு எடுத்தவருக்கு ஆகாது. ஒரு டிகிரிக்குச் சாதாரணமாக 120 கிரெடிட். ப்ரீ-மெட் பாடங்களே ஏறத்தாழ 40-ஐ விழுங்கிவிடும். மேஜருக்கு இன்னொரு 35, 40. மிச்சத்தில் எல்லோருக்கும் பொதுவான கட்டாயப் பாடங்கள். காகிதத்தில் கூட்டினால் இடம் இருக்கிறது. ஆனால் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப் என்றால் மதியம் முழுக்கப் போய்விடும். அவள் ஆசைப்பட்ட வரலாற்று வகுப்பும் அதே செவ்வாய்க்கிழமை மதியம்தான். அந்த வகுப்பு மறுபடி வர ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். காலேஜ் முடித்த அதே வருடம் மருத்துவக் கல்லூரியில் சேர வேண்டுமென்றால், மூன்றாம் வருட முடிவிலேயே விண்ணப்பம் போக வேண்டும். அதற்குள் எல்லா அறிவியல் பாடங்களையும் முடித்து, எம்கேட்டும் எழுதியிருக்க வேண்டும்.

இதில் முதல் செமஸ்டர் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் அவள் வாங்கியிருந்தது சி பிளஸ். அதை என்னிடம் மட்டும் சொன்னாள், ராத்திரி பதினொரு மணிக்கு, சமையலறையில், தயிர்சாதத்தைக் கிண்டிக்கொண்டே. விண்ணப்பத்தில் மொத்த ஜி.பி.ஏ. தவிர, உயிரியல், வேதியியல், இயற்பியல், கணக்கு நான்குக்கும் தனியாக ஒரு ஜி.பி.ஏ. போடுவார்கள். பயாலஜி மேஜருக்கு மேற்கொண்டு படிக்கும் பத்துப் பாடங்களில் ஒரு சி பிளஸ் கரைந்துவிடும். இவளிடம் அறிவியல் பாடங்களே கொஞ்சம். ஒன்று சறுக்கினாலும் பளிச்சென்று தெரியும். வரலாற்றில் வாங்கிய ‘ஏ’க்கள் இதற்குக் கைகொடுக்காது.

“அப்பாகிட்ட சொன்னா, ஹிஸ்டரியாலதான்னு சொல்வார், சித்தி.”

“ஹிஸ்டரியால இல்லையா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “ஒரே செமஸ்டர்ல ரெண்டு லேப் போட்டது என் தப்பு. யாரும் சொல்லலை. நானும் கேக்கலை.”

மறுவாரம் அட்வைஸரைப் பார்த்துவிட்டு வந்தாள். இயற்பியலைக் கோடை விடுமுறைக்குத் தள்ளினார்கள். டிகிரி முடித்த பிறகு ஒரு வருடம் இடைவெளி விடுவது என்றும் முடிவானது. நம் காதுக்கு ‘ஒரு வருஷம் சும்மாவா?’ என்று பகீரென்கிறது. அங்கே இப்போது இது சாதாரணம். ஆஸ்பத்திரியில் உதவியாளராகவோ ஆராய்ச்சிக் கூடத்திலோ வேலை பார்த்துக்கொண்டே விண்ணப்பிப்பார்கள். டிகிரியெல்லாம் முடித்த பிறகு மனசு மாறுகிறவர்களுக்கென்று, அறிவியல் பாடங்களை மட்டும் தனியே நடத்தும் படிப்புகளும் இருக்கின்றன.

அப்படி மனசு மாறியவர்களில் பலருக்கும் தெரிந்தவர் பால் கலாநிதி. ஸ்டான்ஃபோர்டில் ஆங்கில இலக்கியமும் உயிரியலும் படித்து, இலக்கியத்தில் எம்.ஏ.வும் முடித்த பிறகுதான் மருத்துவம் என்று தீர்மானித்தார். யேலில் படித்து மூளை அறுவை சிகிச்சை நிபுணர் ஆனவர், 37 வயதில் நுரையீரல் புற்றுநோயால் 2015-ல் இறந்துபோனார். கடைசி மாதங்களில் அவர் எழுதிய ‘வென் பிரெத் பிகம்ஸ் ஏர்’ மறு வருடம் புத்தகமாக வந்தது. அக்கா வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. அத்தான் படித்திருக்கிறார், “அவர் ஜீனியஸ், இவ நம்ம பொண்ணு” என்றார்.

கிளம்புவதற்கு முந்தின நாள், அவள் எம்கேட் பயிற்சிப் புத்தகத்தை அவர் முன்னால் வைத்தாள். தேர்வின் நான்கு பிரிவுகளில் ஒன்றில் அறிவியலே கிடையாது. கலை, சமூகம் பற்றிய ஒன்பது பத்திகள், 53 கேள்விகள், 90 நிமிடம். படித்துப் புரிந்துகொள்கிறோமா என்பதுதான் சோதனை. அத்தான் 25 வருடமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு கேள்விகளில் நான்கு தப்பு. “கேள்வியே தப்பா இருக்கு” என்று புத்தகத்தை மூடிவிட்டார். ஆனால், அன்று ராத்திரி ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டாம் பகுதிக்கு டியூஷன் வைக்கலாமா என்று அவரே கேட்டார். சி பிளஸ் விஷயத்தை அக்கா சொல்லியிருக்க வேண்டும்.

இங்கிருந்து பிள்ளைகளை அனுப்பலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வரலாறோ பயாலஜியோ, மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு இந்தப் பாதை மிகக் குறுகலானது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களை அங்குள்ள பல மருத்துவக் கல்லூரிகள் சேர்ப்பதே இல்லை. சேர்க்கும் இடங்களிலும் உதவித்தொகை அரிது. பெற்றோரின் கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கோ 21 வயதானால், பெற்றோரை ஒட்டிய விசாவும் போய்விடுகிறது. அக்கா வீட்டுக்கு எதிர் வீட்டுப் பையன் அந்த நிலையில்தான் இருக்கிறான். பயாலஜியில் எல்லாம் ‘ஏ’. இவளைப் போல ஒரு வருடம் இடைவெளி விடுவது பற்றி அவனால் யோசிக்கக்கூட முடியாது.

இப்போது அவள் மூன்றாம் வருடம். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டாம் பகுதியில் பி பிளஸ். வரலாற்றில் ஆய்வுக் கட்டுரைக்கு 1918 இன்ஃப்ளூயன்ஸாவை எடுத்திருக்கிறாள். “அதுல கொஞ்சம் மெடிசின் வருதே” என்று அத்தானுக்கு லேசான திருப்தி. எம்கேட் அடுத்த வருடம்.

போன வாரம் அக்காவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது, பாளையங்கோட்டைப் பெரியம்மா குறுக்கே எட்டிப் பார்த்து, “மக என்னம்மா படிக்கா?” என்று கேட்டார். அக்கா ஒரு நொடி தயங்கினாள்.

“ஹிஸ்டரி, பெரியம்மா” என்றாள்.