போரும் மக்கள் உரிமையும்

“ஆபத்துக்குப் பாவமில்லை” என்பது நம் பழமொழி. போர்க்காலத்தில் அரசுகளும் இதையே சொல்கின்றன. நாட்டைக் காக்க அரசுக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும் என்பதை நாமும் மறுப்பதில்லை. ஆனால் அதற்கு எல்லை இல்லையா? அமெரிக்க வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம்.

1941 டிசம்பர் 7-இல் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. மக்களிடையே அச்சமும் இனவெறுப்பும் பரவின. 1942 பிப்ரவரி 19-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின் விளைவாக, ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை.

அவர்களுள் ஒருவர் மிட்சுயே எண்டோ என்னும் இளம்பெண். கலிபோர்னியா அரசு அலுவலகத்தில் தட்டெழுத்தாளராகப் பணியாற்றியவர். அவருடைய சகோதரர் அமெரிக்க இராணுவ வீரர். 1942 ஜூலையில் எண்டோவின் சார்பில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யப்பட்டது. “எந்தச் சட்டப்படி இவரை அடைத்து வைத்திருக்கிறீர்கள்?” என்று அரசைக் கேட்பதே அம்மனு. மேற்குக் கடற்கரைக்குத் திரும்புவதில்லை என ஒப்புக்கொண்டால் விடுவிப்பதாக அரசு கூறியது. தாம் மட்டும் வெளியேறினால் வழக்கு நின்றுவிடும் என்பதால் எண்டோ முகாமிலேயே இருந்தார்.

நாட்டுப்பற்றில் ஐயமற்ற குடிமக்களை அடைத்து வைக்கலாகாது என 1944 டிசம்பர் 18-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் அதே நாளில், கொரேமட்சு வழக்கில், மக்களை வெளியேற்றிய ஆணை செல்லும் என்றும் கூறியது! 1988-இல்தான் அமெரிக்கா சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. அன்று உயிருடன் இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் வழங்க முன்வந்தது.

ஆபத்து வேளையில் அரசுக்கு அதிகாரம் கொடுப்போம், “ஏன்?” என்று கேட்கும் உரிமையை மட்டும் விட்டுக்கொடாதிருப்போம்.